சாவி யார் கையில்? பட்டர்வொர்த் மகளிர் குழுவுக்கு முன்னிருந்த மூன்று இணைய விற்பனை வழிகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த், பாகான் டாலாம் வட்டாரத்தில் ஒன்பது பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவுக்கு நான் நான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்களுள் ஐவர் பலகாரம் செய்பவர்கள். இருவர் ரவிக்கை தைத்து ஆரி வேலையும் செய்பவர்கள். ஒருவர் நண்பகல் உணவு கட்டிக் கொடுக்கிறார். எல்லாருக்கும் இளையவரான 26 வயதுப் பெண் மருதாணி போட்டு மணப்பெண் அலங்காரம் செய்கிறார். மூத்தவருக்கு 63 வயது. பொதுப்பணம் 4,500 வெள்ளியைத் (ரிங்கிட்) தொட்டவுடன், இதை வைத்து இணையத்தில் விற்பனையைப் பெருக்கலாமே என்ற பேச்சு எழுந்தது. பெருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியில் என்பதில் மூன்று கட்சிகள் உண்டாயின. மூன்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அப்போது எழுதிய குறிப்பின் விரிவே இது.

முதல் வழி, ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியை வைத்துக்கொண்டு, வாங்குபவர் வருடினால் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும் டூயிட்நவ் கியூஆர் குறியீடு வழியாகப் பணம் பெற்று, தாமே விற்பது. இரண்டாவது, ஷாப்பி, லசாடா, டிக்டாக் போன்ற பெரிய இணையச் சந்தைகளில் கடை திறப்பது. உணவு கட்டுபவருக்கு மட்டும் கிராப்ஃபுட் என்ற உணவு விநியோகச் செயலி. மூன்றாவது, ஒன்பது பேரும் ஒரே பெயரில் பொதுக்கடை ஒன்றைத் தொடங்கி, இணைய வேலை முழுவதையும் விவரம் தெரிந்த இளையவரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றவர்கள் சமையலிலும் தையலிலும் கவனம் செலுத்துவது. முதற்கூட்டத்தில் ஏழு பேர் மூன்றாவதற்குக் கை தூக்கினார்கள். எனக்கும் அன்று அதுவே சரியெனப் பட்டது.

இத்தகைய ஒப்பீடுகளில் செலவு, வாடிக்கையாளர் எண்ணிக்கை, கற்றுக்கொள்ளும் எளிமை ஆகிய மூன்றையும்தான் வழக்கமாக எடைபோடுவார்கள். நான் அவற்றுக்கு முன்பாக வேறொன்றை வைத்தேன்: சாவி யார் கையில் இருக்கும்? விற்பனைக்குப் பயன்படும் தொலைபேசி எண் யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யாருக்குத் தெரியும், பணம் யாருடைய வங்கிக் கணக்கில் விழுகிறது, வாங்குபவர்களின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்தே சாவி என்கிறேன். இதற்குக் காரணம் எங்கள் மூத்தவருக்கு நேர்ந்தது. அவருடைய முறுக்கு, நெய் உருண்டை விற்பனையை அக்காள் மகன் தன் எண்ணில், தன் கைப்பேசியில், நல்லெண்ணத்தோடுதான் நடத்தி வந்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன் எண்ணை மாற்றினான். தீபாவளிக்கு ஐந்து வாரங்கள் இருந்தபோது, இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த வாடிக்கையாளர்கள் அனைவரும் மூத்தவருக்கு எட்டாதவர்களாகிவிட்டார்கள். அவன் மீது யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் அந்த வியாபாரம் எந்த நாளிலும் மூத்தவரின் கையில் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

அனைவரையும் உள்ளடக்கிய வணிகம் என்ற தொடரை இப்போது அடிக்கடி கேட்கிறோம். ஆசியான் நாடுகளின் பொருளாதார அமைச்சர்கள் 2017 ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கொள்கைச் சட்டகத்தையே ஏற்றுக்கொண்டார்கள். குறைந்த வருமானத்தில் இருப்பவர்களை வாடிக்கையாளராகவோ, பொருள் வழங்குபவராகவோ, தொழிலாளராகவோ இணைத்துக்கொண்டு, நன்கொடையை நம்பாமல் வருமானத்தாலேயே நிற்கும் வணிகம் என்பது அதன் சாரம். அந்த விளக்கத்தின்படி பார்த்தால் எங்கள் ஒன்பது பேரும் உள்ளே இருப்பவர்கள்தாம். உள்ளே இருப்பவருக்கு உள்ளிருந்து கதவைத் திறக்க முடிகிறதா என்பதை அந்த விளக்கம் கேட்பதில்லை. ஆகவே அதை நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது வழியான பெரிய சந்தைகளை விரைவாகவே ஒதுக்கினோம். காரணம் எளிய கணக்குத்தான். ஒரு டின் முறுக்கு 15 வெள்ளி என்றும், மாவு, எண்ணெய், எரிவாயு, டின் எல்லாம் சேர்த்து அடக்கவிலை 8 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 7 வெள்ளி. சந்தையின் கமிஷன், பரிவர்த்தனைக் கட்டணம், இலவச அனுப்பு, தள்ளுபடித் திட்டங்களில் கடைக்காரர் ஏற்கும் பங்கு ஆகியவை பொருளுக்குப் பொருள் வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். அவை அனைத்தையும் சேர்த்து 15 சதவீதம் என்று கொண்டால் 2.25 வெள்ளி போய்விடும். அடுப்படியில் நின்றவருக்கு 4.75 வெள்ளி எஞ்சும். உணவு விநியோகச் செயலிகளிலோ கமிஷன் 30 சதவீதம் வரை போகும். 10 வெள்ளிக்கு விற்கும் சாப்பாட்டில் 3 வெள்ளி கழிந்தால், காய்கறி விலை ஏறிய வாரத்தில் கைக்காசு போட்டுத்தான் சமைக்க வேண்டும். இதற்கு மேல் முறுக்குக்கென்று ஒரு தனித் துன்பம் இருக்கிறது: அஞ்சலில் போனால் நொறுங்கும். நொறுங்கியதன் படத்தோடு வரும் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு, நூறு நல்ல சொற்களைக் கீழே தள்ளிவிடும். ரவிக்கையோ அளவெடுத்துத் தைப்பது. தூரத்தில் இருப்பவருக்கு விற்றால் திருப்பி அனுப்பும் சண்டைதான் மிஞ்சும்.

மொழியும் ஒரு தடையாக நின்றது. ஷாப்பியின் மலேசியச் செயலி மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய மொழிகளில்தான் இயங்குகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்று தொழிற்சாலைக்குப் போனவர்கள் எங்கள் குழுவில் மூவர். மலாயை நன்றாகப் பேசுவார்கள், ஆனால் விதிமுறைப் பக்கங்களைப் படித்துப் புரிந்துகொள்வது அவர்களுக்குக் கடினம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர்களைத் தொழில்நுட்பம் தெரியாதவர்கள் என்று பயிற்சிக்கு வருவோர் எளிதில் முடிவுகட்டி விடுகிறார்கள். 1972 ஆம் ஆண்டு முதல் பாயான் லெப்பாசிலும் பின்னர் பிறையிலும் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகள் இத்தகைய பெண்களின் கண்ணையும் கையையும் நம்பித்தான் ஓடின. எங்கள் மூத்தவர் இருபது ஆண்டுகள் நுண்ணோக்கியில் குனிந்து சில்லுகளைச் சோதித்தவர். அவருக்குக் கருவி அச்சம் தருவதில்லை. தவறாக ஏதோ ஒன்றை அழுத்தினால் பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற எண்ணந்தான் அச்சம் தருகிறது. இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி முன் அமர்ந்து நேரலையில் விற்பதைப் பற்றிக் கேட்டபோது, கூச்சத்தைவிட வீட்டின் இட நெருக்கடியையே பலரும் காரணமாகச் சொன்னார்கள்.

மூன்றாவது வழியைத்தான் நீண்ட நேரம் பேசினோம். அதன் கவர்ச்சி உண்மையானது. மாவையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஒரே பெயர், டின்னில் ஒரே ஒட்டுச்சீட்டு, ஒரே இணையப் பக்கம் என்றால் வாடிக்கையாளர் மனத்தில் எளிதாகப் பதியும். கைப்பேசியோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு நிம்மதி. ஆனால் சட்டப்படி இது என்ன என்று பார்த்தபோது முதல் சிக்கல் தெரிந்தது. எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் 1956 ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் 20 பேர் வரை கூட்டாளிகளாகப் பதியலாம். வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளிதான். மலிவு என்பது உண்மை. அப்படிப்பட்ட கூட்டுத் தொழிலில் ஒருவரால் வரும் கடனுக்கு எல்லாருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பு. ஒருவர் செய்த அதிரசம் கெட்டுப்போய் யாரேனும் இழப்பீடு கேட்டால், ரவிக்கை தைப்பவரும் அதில் பங்கு ஏற்க நேரிடலாம். 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கூட்டாண்மை இந்தச் சுமையைக் குறைக்கும். ஆனால் பதிவுக் கட்டணமே 500 வெள்ளி, ஆண்டறிக்கைக்குத் தனிக் கட்டணம், பொறுப்பதிகாரி ஒருவரும் வேண்டும். தீபாவளி, தைப்பூசம், கல்யாண மாதங்கள் என்று பருவத்தில் ஓடும் எங்கள் வியாபாரத்துக்கு அது பெரிய சட்டை.

இரண்டாவது சிக்கலைப் பலகாரம் செய்யும் ஐவரே எழுப்பினார்கள். முறுக்கு என்று எழுதிவிட்டால் போதுமா? ஒருவர் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைகிறார், இன்னொருவர் வெண்ணெய் போடுகிறார், மூத்தவர் ஓமத்தைக் கையால் கசக்கிப் போடுகிறார். அவருடைய கைப்பக்குவத்துக்காகவே செபராங் ஜெயாவிலிருந்து வருபவருக்குப் பொதுக்கடையின் பெயரில் வேறொருவர் சுட்டதை அனுப்பினால், அடுத்த ஆண்டு அவர் வர மாட்டார். எல்லாருக்கும் ஒரே செய்முறை என்று கட்டுப்படுத்தினாலோ, ஐந்து கைகளின் பெயரும் அழிந்து ஒரு கடையின் பெயர் மட்டும் நிற்கும்.

மூன்றாவது சிக்கல் அந்த இளையவரைப் பற்றியது. இதை யாருமே முதலில் எண்ணிப் பார்க்கவில்லை. விசாரிப்புக்குப் பதில், படம் எடுப்பது, வந்த பணத்தைச் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்தால் நாளுக்கு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். அதற்கு என்ன கூலி என்று நான் கேட்டபோது கூட்டம் அமைதியானது. வீட்டுப் பிள்ளை மாதிரி, செய்துவிடுவாள் என்றார் ஒருவர். எல்லாரையும் உள்ளடக்குவதாகச் சொல்லும் ஓர் ஏற்பாடு, அதைத் தாங்கி நிற்பவரின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அவரைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறது. கூலி கொடுத்தாலும் சாவிச் சிக்கல் தீராது. நாளை அவருக்குக் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனால், சிங்கப்பூர் கதை ஒரு வீட்டிலிருந்து ஒன்பது வீட்டுக்குப் பரவும்.

முதல் வழிக்குத் திரும்புகிறேன். அதன் பெரிய குறை, புதிய வாடிக்கையாளர் தாமாக வருவதில்லை என்பது. கோயில் அறிவிப்புப் பலகை, ஜோர்ஜ்டவுன் லெபோ பாசார் கடைக்காரர்களிடம் விட்டுவைக்கும் அட்டை, தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை வழியில் கிடைக்கும் அறிமுகங்கள் என்று வெளியில் உழைத்துத்தான் ஆளைச் சேர்க்க வேண்டும். நிறைகளோ பல. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். எழுதத் தயங்குபவர் குரலில் பதில் சொல்லலாம். பொருட்பட்டியலைப் படத்தோடும் விலையோடும் ஒருமுறை ஏற்றி வைத்தால், ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் சொல்ல வேண்டியதில்லை. கமிஷன் இல்லை. பினாங்குப் பாலங்களில் மோட்டார்சைக்கிள்களுக்கு 2019 ஆம் ஆண்டு முதல் தீர்வை கிடையாது என்பதால், தீவுப் பக்கத்து ஆர்டர்களைச் சேர்த்து ஒரே நடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவும் தாங்கக்கூடியதே. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணும் கணக்கும் பட்டியலும் அந்தப் பெண்ணிடமே இருக்கின்றன.

இந்த வழியில் வேண்டிய திறன்களும் குறைவு, ஆனால் அவற்றின் வரிசை முக்கியம். பயிற்சிகள் பெரும்பாலும் கவர்ச்சியான படம், குறுங்காணொளி, விளம்பரம் என்றே தொடங்குகின்றன. நான் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். என் தொழில் அது என்பதால் மட்டும் இல்லை. விலை போடத் தெரியாதவருக்கு ஆர்டர் பெருகினால் நட்டமும் பெருகும். இவர்களுக்குக் கணக்கு புதிதும் அல்ல. கூட்டுப் பணம் பிடிப்பது, அதாவது மாதந்தோறும் எல்லாரும் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது, 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். என்றாலும் ஒரு தலைமுறைப் பெண்கள் கோடு போட்ட நோட்டில், யாருக்கு எந்த மாதம், யார் பாக்கி என்று பிழையின்றி எழுதி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டைக் கைப்பேசிக்கு மாற்றுவது ஒரு மாத வேலை.

கணக்குக்கு அடுத்தது பணப் பாதுகாப்பு. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது, வங்கிச் செயலியில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். கடவெண்ணை யார் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், தரக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே வங்கியையோ, 2022 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த ஆறு இலக்கத்தைத் தாமே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காணொளி எடுப்பதெல்லாம் இதற்குப் பிறகு.

எங்கே கற்பது என்பதிலும் ஒப்பீடு தேவைப்பட்டது. நான் முன்பு பணம் கட்டிப் போன ஒரு தனியார் பட்டறையில், ஒரே நாளில் விளம்பரம் போடுவதை மட்டும் வேகமாகக் காட்டிவிட்டு, மறுநாள் எழுந்த ஐயத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் விட்டுவிட்டார்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் நாடி மையங்கள் நாடு முழுவதும் உள்ளன. முன்பு பேடி என்று அழைக்கப்பட்டவை இவை. கணினியும் இணையமும் இருக்கின்றன, பயிற்சி இலவசம், உள்ளூர்ச் சிறுவணிகர்களை இணையத்துக்குக் கொண்டுவருவதே அவற்றின் வேலைகளுள் ஒன்று. பயிற்சி மலாயில் நடக்கும். ஆகவே இருவர் இருவராகப் போகச் சொன்னோம்: மலாய் படிக்கத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர். திரும்பி வந்த பின் இளையவர் சனிக்கிழமைகளில் தமிழில் மறுபடி நடத்திக் காட்டுவார். மாணவியின் கைப்பேசியைத் தான் வாங்கிச் செய்து கொடுக்கக் கூடாது, அவர் விரலே அழுத்த வேண்டும் என்பது மட்டும் அவருக்கு நான் இட்ட நிபந்தனை.

கடன் வாங்கிப் பெரிதாகத் தொடங்கலாமே என்ற கருத்தும் வந்தது. 1987 ஆம் ஆண்டில் கிராமீன் வங்கியின் மாதிரியில் தொடங்கப்பட்ட அமானா இக்தியார், ஐந்து பேர் குழுவாக இணைந்து பெறும் சிறுகடனுக்குப் பெயர்பெற்றது. இந்தியப் பெண்களுக்கென 2024 ஆம் ஆண்டில் பெண் என்ற பெயரிலேயே அதன் வழி 5 கோடி வெள்ளித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அரசின் சிறுகடன் நிறுவனமான தெக்குன் நேஷனல் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்பூமி கடனும் உண்டு. இவை நல்ல வாய்ப்புகளே. ஆனால் கைப்பேசியில் விற்கக் கற்பதற்குக் கடன் தேவையில்லை. ஓராண்டுக் கணக்கு சொந்தப் பெயரில் ஓடிய பிறகு, அரவை இயந்திரத்துக்கோ பெரிய அடுப்புக்கோ போய்க் கேட்டால், கையில் காட்டுவதற்குச் சான்றும் இருக்கும். சிறுதொழில்களுக்கான மின்னிலக்க மானியம் செலவில் பாதியை 5,000 வெள்ளி வரை ஏற்கிறது என்றாலும், மறுபாதியை நாம் போட வேண்டும். எங்கள் அளவுக்கு அது இப்போது எட்டாது.

ஆகவே முடிவு இப்படி அமைந்தது. ஒன்பது பேருக்கும் முதல் வழி. மூன்றாவது வழியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்: தீபாவளிக்கு முந்திய எட்டு வாரங்களுக்கு ஒரு பொது ஆர்டர் படிவம். அதில் ஒவ்வொரு பலகாரத்துக்கும் செய்பவரின் பெயர் இருக்கும், பணம் அவரவர் கியூஆருக்கே நேராகப் போகும். கடை முகப்பு பொது, கல்லாப்பெட்டி தனித்தனி. இரண்டாவது வழி தையல்காரர் ஒருவருக்கு மட்டும் பொருந்துகிறது. அவர் ஆரி வேலை செய்த சுருக்குப் பைகளைச் சந்தையில் வைத்துப் பார்க்கப் போகிறார். அவை உடையாதவை, அளவு பார்க்க வேண்டாதவை.

4,500 வெள்ளியையும் அதற்கேற்பப் பங்கிட்டோம். பதிவு செய்யாத ஏழு பேருக்கு எஸ்.எஸ்.எம். கட்டணம் தலா 60 வீதம் 420. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம் என்பதால் இதை இனியும் தள்ளிப்போட முடியாது. உணவு செய்யும் ஆறு பேருக்கும் டைபாய்டு தடுப்பூசிக்கும் உணவு கையாளுவோர் பயிற்சிக்கும் 900 ஒதுக்கினோம். கைப்பேசி பழுதான இருவருக்குப் பழைய கைப்பேசிகள் 1,200. இளையவருக்கு எட்டுச் சனிக்கிழமைகளுக்குத் தலா 100 வீதம் 800. பொருளின் பெயர், சேர்பொருள், எடை, செய்பவர் முகவரி, காலாவதித் தேதி ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டுக்கும் டின்னுக்கும் 500. மீதி 680 வெள்ளி கையிருப்பில் இருக்கிறது. பெரும்பகுதி தொழில்நுட்பத்துக்குப் போகவில்லையே என்று ஒருவர் கேட்டார். 800 வெள்ளிதான் மிக முக்கியமான தொழில்நுட்பச் செலவு என்று நான் நினைக்கிறேன்.

முதல் சனிக்கிழமை வகுப்பில் செயலி எதையும் திறக்கவில்லை. அவரவர் எண் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னோம். நான்கு பேரின் எண்கள் வேறொருவர் பெயரில் இருந்தன: இரண்டு கணவர் பெயரில், ஒன்று மகன் பெயரில், ஒன்று தம்பி பெயரில். வரும் செவ்வாய்க்கிழமை நால்வரும் சேர்ந்து தொலைத்தொடர்புக் கடைக்குப் பெயர் மாற்றப் போகிறார்கள். அவர்களில் ஒருவருடைய கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் மட்டும் இறப்புச் சான்றிதழையும் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.